மறத்தின் அறம்

நுழையும்முன்

போரில் வென்றவரின் பெருமையை எதனைக் கொண்டு அளப்பது? கைப்பற்றிய நாட்டின் பரப்பைக் கொண்டா, வீழ்த்திய பகைவரின் எண்ணிக்கையைக் கொண்டா? தோற்றவரை எவ்வாறு நடத்தினார் என்பதையும் சேர்த்தே அளந்தது நம் முன்னோர் மரபு. பல்லவரும் சாளுக்கியரும் பொருத காலத்துச் சான்றுகள் வழியாக அம்மரபையும், அச்சான்றுகளைப் படிக்கும் முறையையும், அவை இன்றைய வாழ்விற்கு உணர்த்துவதையும் இப்பாடம் விளக்குகிறது.

நெடுஞ்சாலையும் போர்க்களமும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், பூந்தமல்லிக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே அமைந்துள்ளது தண்டலம். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் எனத் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியின் வாயில் அது. விடியற்காலையில் சீருடை அணிந்த தொழிலாளர்கள் நிறுவனப் பேருந்துகளுக்காகச் சாலையோரம் காத்து நிற்பர். அவ்வரிசையில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் ஒடியாவும் இந்தியும் ஒலிக்கும்.

ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்னர் இந்நிலம் வேறொரு வரிசையைக் கண்டது. தண்டலத்திற்குத் தெற்கே உள்ள மணிமங்கலம் பல்லவரும் சாளுக்கியரும் பொருத களமாகும். மேற்கே, காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள புள்ளலூர் ஒருமுறைக்கு மேல் போர்க்களமானது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அங்குப் பகைவரை வென்றான். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், அதே ஊரில் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படை, வில்லியம் பெய்லி தலைமையிலான ஆங்கிலப் படையை முறியடித்தது. நாள்தோறும் நாம் கடந்து செல்லும் மண்ணுக்கு நெடிய நினைவு உண்டு.

சங்கப் பாடல்களில் போரறம்

வீரத்தை ‘மறம்’ என்றனர் சங்கச் சான்றோர். மறத்திற்கும் ஓர் அறம் உண்டு என்பது அவர்தம் கொள்கை. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அவன் போர் தொடங்கும் முன்னர் அறிவித்துத் தொடங்குபவன் என்று போற்றுகிறார். பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுற்றோரும் மக்கட்பேறு இல்லாதோரும் பாதுகாப்பான இடத்தை அடையுமாறு கூறிய பின்னரே அவன் அம்பு தொடுப்பானாம். இது புறநானூற்றின் 9ஆம் பாடல் தரும் செய்தி.

அதே புலவர் அதே மன்னனைப் பாடிய 15ஆம் பாடல் மற்றொரு காட்சியைத் தருகிறது. பகைவரின் தெருக்களில் கழுதைகளை ஏரில் பூட்டி அவன் உழுவித்தான். விளைவயல்களில் குதிரைகளை ஓட்டினான். காவல் மிக்க நீர்நிலைகளில் யானைகளைப் படியவிட்டான். முன்னறிவிப்புச் செய்த கையே விளைநிலத்தையும் அழித்தது. அறம் என்பது அன்றைய போர்களில் எப்போதும் கடைப்பிடிக்கப்பட்டது என்று நாம் கருதிவிடலாகாது. கடைப்பிடிக்கப்பட வேண்டியது என்று சான்றோர் கருதிய இலக்கு அது. இரண்டையும் மறையாது காத்து வைத்தமையே புறநானூற்றின் சிறப்பு.

தோற்றவரைப் பற்றிய மதிப்பீட்டிலும் அத்தொகை தனித்து நிற்கிறது. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் புண்பட்டமைக்கு நாணி, வடக்கிருந்து உயிர் நீத்தான். வெற்றி பெற்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்திப் பாடிய வெண்ணிக் குயத்தியார், தோற்றவன் அவனினும் நல்லவன் அல்லனோ என்று வினவினார். பேரரசன் முன் நின்று பகைவனின் பெருமையைப் பேசியவர், பெயரிலேயே மட்கலம் வனையும் குடியைத் தாங்கிய ஒரு பெண்பாற் புலவர் என்பது எண்ணத்தக்கது.

முதுகில் எழுதிய வெற்றி

இனி, காஞ்சிக்கு வருவோம். சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின் மீது படையெடுத்தான். கி.பி. 634இல் இரவிகீர்த்தி என்னும் புலவர் இயற்றிய ஐகொளெ கல்வெட்டு, புலிகேசியின் படை எழுப்பிய புழுதியால் பல்லவ வேந்தன் ஒளி மங்கிக் காஞ்சியின் மதிலுக்குள் மறைந்தான் என்கிறது. பல்லவரின் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் தன் முதன்மைப் பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்கிறது.

இவற்றுள் எதனை நம்புவது? ஐகொளெ கல்வெட்டு நிகழ்ச்சிக்கு நெருங்கிய காலத்தது. ஆயினும் அதனை இயற்றியவர் புலிகேசியைப் பாட முனைந்த புலவர். காசாக்குடிச் செப்பேடு நூறு ஆண்டுகளுக்கும் பிற்பட்டது; பகைவரின் பெயரையும் அது குறிப்பிடவில்லை. அப்பகைவர் புலிகேசியின் படையினர் என்பது அறிஞர் பலரின் முடிவு. இரு சான்றுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சாளுக்கியப் படை காஞ்சியை நெருங்கியது என்பதும் காஞ்சி வீழவில்லை என்பதும் புலனாகும். ஒரு சான்று மறைத்ததை மற்றொன்று காட்டிக்கொடுக்கிறது.

மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன் பகையை முடித்தான். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய இடங்களில் அவன் புலிகேசியை வென்றதைக் கூரம் செப்பேடு கூறுகிறது. புறங்காட்டிய புலிகேசியின் முதுகையே பட்டயமாகக் கொண்டு, ‘வெற்றி’ எனப் பொருள்படும் ‘விஜய’ என்னும் சொல்லின் எழுத்துகளை நரசிம்மவர்மன் அதில் பொறித்தான் என்பது அச்செப்பேட்டுப் புலவரின் கற்பனை. பின்னர்க் கி.பி. 642 அளவில் வாதாபி நகரம் வீழ்ந்தது. ‘வாதாபி கொண்டான்’ எனச் சிறப்புப் பெற்ற நரசிம்மவர்மன், பகைவரின் தலைநகரிலேயே தன் கல்வெட்டைப் பொறித்தான்.

வெண்ணியில் பட்ட புறப்புண் தோற்றவனுக்குப் புகழைத் தந்தது. மணிமங்கலத்தில் கண்ட முதுகு எள்ளலுக்கு உரியதாயிற்று. இரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு, பாடிய நெஞ்சங்களின் வேறுபாடே ஆகும்.

திருப்பித் தந்த பொன்

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்தன. கி.பி. 733 முதல் 744 வரை ஆண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றி உள்ளே நுழைந்தான். வாதாபிக்குப் பழிதீர்க்க வாய்த்த நேரம் அது. இராசசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் பெருஞ்செல்வம் அவன் கண்முன் இருந்தது. அதனை அவன் கவரவில்லை. கோயிலுக்கே உரியது என மீள அளித்தான். இச்செய்தி அக்கோயிலின் தூண் ஒன்றில் கன்னட மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. இவ்வறத்தை அழிப்போர் இந்நகரத்து அவையோரைக் கொன்றவர் செல்லும் உலகை அடைவர் என்று அக்கல்வெட்டு முடிகிறது. வென்றவன், தோற்ற நகரத்துச் சான்றோரின் உயிரையே தன் அறத்திற்குக் காப்பாக வைத்தான்!

அவன் மகன் இரண்டாம் கீர்த்திவர்மன் கி.பி. 757இல் வழங்கிய வக்கலேரிச் செப்பேடும், விக்கிரமாதித்தன் காஞ்சியை அழிக்காமல் உட்புகுந்து ஏழைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் கொடை அளித்ததைக் கூறுகிறது.

இதுவும் வென்றவரின் கூற்றுத்தானே என்று வினவலாம். வினவுவதே முறை. ஆனால், இங்குக் கல்வெட்டுக்கு வெளியேயும் சான்றுகள் உள்ளன. கைலாசநாதர் கோயில் இன்றும் நிற்கிறது. விக்கிரமாதித்தனின் அரசி உலோகமாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயில், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் அமைப்பைப் பெரிதும் ஒத்திருக்கிறது. பகைவரின் நகரிலிருந்து அவர்கள் கொண்டு சென்ற செல்வம் கலையறிவு ஆகும். மேலும், காஞ்சி மீண்டும் பல்லவர் ஆட்சிக்கு வந்த பின்னரும் அக்கன்னடக் கல்வெட்டு சிதைக்கப்படாமல் நின்றது. வென்றவன் பொன்னைத் திருப்பித் தந்தான். தோற்றவர் அவன் எழுத்தைக் காத்தனர்.

தெரிந்து தெளிவோம்

பல்லவர் வரலாற்றை விரிவாக ஆய்ந்தவர்களுள் ஒருவர் முனைவர் சி. மீனாட்சி. இவர் 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பல்லவர் ஆட்சிமுறையும் சமுதாய வாழ்வும் பற்றிய இவரது ஆய்வுநூல் 1938இல் வெளிவந்தது. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் வரலாற்றுச் சிற்பங்களைப் பற்றிய இவரது நூல், இவர் மறைந்த மறு ஆண்டான 1941இல் வெளியிடப்பட்டது.

புகழ்மொழியின் நிழல்

விக்கிரமாதித்தன் காட்டிய பண்பு எல்லாக் காலத்திற்கும் பொதுவானதன்று. சோழரும் மேலைச் சாளுக்கியரும் 11ஆம் நூற்றாண்டில் கடுமையாகப் பொருதனர். மணிமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயிலில் அக்காலச் சோழ மன்னர்களின் கல்வெட்டுகள் உள்ளன. அவர்களுள் ஒருவனான வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, சாளுக்கியத் தண்டநாயகன் சாமுண்டராயனின் தலை கொய்யப்பட்டதையும், அவன் மகள் நாகலையின் மூக்கு அரியப்பட்டதையும் வெற்றிச் செயல்களாக அடுக்குகிறது. நம் அரசன் என்பதற்காக இதனைப் புகழெனக் கொள்ள இயலுமா? போர்க்களத்திற்கு வெளியே நின்ற பெண்ணைச் சிதைத்தல் எவர் செய்யினும் இழிவே. பகைவரின் கொடுமையை மட்டும் எண்ணுதல் வரலாறு ஆகாது.

மன்னரின் செப்பேடுகளில் இடம்பெறாத வீரமும் உண்டு. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல், ஆநிரையை மீட்டு மாண்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற ‘கோவிவன்’ என்னும் நாயையும் நினைவுகூர்கிறது. புள்ளலூரில் மாண்ட படைவீரருள் ஒருவரின் பெயரையும் காசாக்குடிச் செப்பேடு சொல்லவில்லை. ஊர் மக்கள் நட்ட கல்லோ, துணைநின்ற நாயின் பெயரையும் மறவாமல் எழுதிவைத்தது.

வரலாற்றறிஞரின் வீரம்

இடைக்கால ஐரோப்பாவிலும் குதிரைவீரர்களுக்கு அறநெறி வகுக்கப்பட்டிருந்தது. எளியோரைக் காத்தலும் சரணடைந்தவரை மதித்தலும் அதன் கூறுகள். இதனை ஆராய்ந்தவர்களுள் புகழ்பெற்றவர் நெதர்லாந்து நாட்டு வரலாற்றறிஞர் யோகான் ஹூய்சிங்கா. 1919இல் வெளிவந்த தம் நூலில், வீரர்நெறி என்னும் அழகிய கனவு அக்காலத்தின் கொடுமையை மூடிய திரையாகவும் இருந்தது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அதேவேளை, பிற்காலத்து நாடுகளிடைச் சட்டம் உருவாக அக்கனவும் துணைபுரிந்தது என்பது அவர் கருத்து.

அவர் கடந்த காலத்தை மட்டும் ஆராய்ந்தவர் அல்லர். 1933இல் லெய்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, யூதர் மீது பொய்ப்பழி சுமத்தி எழுதிய செர்மானியக் குழுத் தலைவர் ஒருவரைப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறச் செய்தார். 1942இல் நாசிகள் அவரைச் சிறைப்படுத்தினர். விடுவிக்கப்பட்ட பின்னரும் இல்லம் திரும்ப இசைவு பெறாமல், 1945 பிப்ரவரியில் மறைந்தார். சான்றில்லாப் பழியை ஏற்க மறுத்தலும் வீரமே என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

இன்றைய செய்தியும் பழைய பாடமும்

1859ஆம் ஆண்டு இத்தாலியின் சோல்பரினோ களத்தில் காயமுற்றோர் கவனிப்பாரின்றிக் கிடந்த அவலம் ஹென்றி டுனாண்டின் நெஞ்சை உலுக்கியது. அதன் பயனாக 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை உருவானது. 1949ஆம் ஆண்டின் நான்கு உடன்படிக்கைகள் காயமுற்றோர், போர்க்கைதிகள், பொதுமக்கள் ஆகியோரைக் காக்க வேண்டும் என விதித்தன. நெட்டிமையார் போற்றிய முன்னறிவிப்பின் உட்பொருளும் அதுவே. அன்று போலவே இன்றும் இலக்கிற்கும் நடப்பிற்கும் இடைவெளி உள்ளது. அவ்விடைவெளியைக் கண்டு சொல்வதற்கே இலக்கு தேவைப்படுகிறது.

போர் நடவாத இடத்திலும் பகையை மூட்ட இயலும். 2023 மார்ச்சு மாதத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொலிகள் பரவின. அவை பொய்யானவை, வேறு நிகழ்வுகளுக்கு உரியவை எனத் தமிழ்நாடு காவல்துறை விளக்கியது. பீகாரிலிருந்து அரசுக் குழுவும் நேரில் வந்து நிலைமையை அறிந்தது. அதற்குள் தொழிலாளர்களையும் தொலைவில் இருந்த அவர்தம் குடும்பத்தினரையும் அச்சம் சூழ்ந்துவிட்டது. பழைய புகழ்மொழிகளைக் கற்றவர் அக்காணொலிகளிடம் கேட்டிருக்கக்கூடிய வினாக்கள் மிக எளியவை: இதனைச் சொல்பவர் யார்? எப்போது, எங்கு நிகழ்ந்தது? மறுபக்கத்தார் கூறுவது யாது? நேரில் காணத்தக்க சான்று உண்டா?

சாளுக்கியப் படை வந்த திசையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் இன்று மக்கள் இப்பகுதிக்கு வருகின்றனர். அவர்கள் கைகளில் உணவுப் பெட்டியும் அடையாள அட்டையும் உள்ளன. அவர்களை எவ்வாறு நடத்துகிறோம், அவர்களைப் பற்றி வரும் செய்தியை எவ்வாறு ஆராய்கிறோம் என்பவற்றிலேயே நம் மறமும் அறமும் அளக்கப்படும். தமிழ் மன்னர் எழுப்பிய கோயிலில் ஒரு கன்னடக் கல்வெட்டு 1200 ஆண்டுகளுக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கிறது. அதனைப் படிக்கத் தெரிந்தவர்களாய் நாம் வாழ்வோம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள நடுகல், கல்வெட்டு, போர் நினைவுச்சின்னம் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டு, அது யாருடைய கூற்று, யாரைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் குறிப்பு எழுதுக.

2. 1780ஆம் ஆண்டுப் புள்ளலூர்ப் போரின் வெற்றி, சீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையில் சுவரோவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. அவ்வோவியத்தை மட்டும் சான்றாகக் கொண்டு அப்போரின் வரலாற்றை எழுதினால் நேரும் குறைகளைக் கலந்துரையாடுக.

3. கைப்பேசியில் உங்களுக்கு வந்த செய்தி ஒன்றைத் தேர்ந்து, பாடத்தில் கூறப்பட்ட நான்கு வினாக்களால் ஆராய்ந்து, உங்கள் முடிவை வகுப்பில் எடுத்துரைக்க.

4. ‘தோற்றவரை மதித்தலே வென்றவருக்கு அழகு’ என்னும் தலைப்பில், பாடத்தில் உள்ள இரு நிகழ்வுகளை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.