புதிய பாரவூர்திச் சாரதிகளின் வருமானம்: மைல் கணக்கும் மணிக் கணக்கும்

கனடாவின் ரொறன்ரோ பெரும்பாகத்தில் தெற்காசியக் குடிவரவாளர்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ள தொழில்களுள் ஒன்று பாரவூர்தி ஓட்டுவது. தமிழகத்தில் லாரி எனப்படும் இந்த வாகனத்தை ஓட்டுவோரில் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் உள்ளனர். பட்டப்படிப்புத் தேவையில்லை, சில மாதங்களில் வேலையில் சேர்ந்துவிடலாம் என்பவை இத்தொழிலின் கவர்ச்சி.

இழுவைப் பாரவூர்தி ஓட்டுவதற்கான 'ஏ' வகை அனுமதிப்பத்திரத்தை ஒன்ராறியோ மாகாணத்தில் பெற, குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி தேவை என்று 2017 ஜூலை முதல் விதிக்கப்பட்டுள்ளது. இதற்காகப் பல ஆயிரம் டொலர் செலவிட்டு வெளிவரும் ஒருவரை, மைலுக்கு இத்தனை சதம், வாரத்துக்கு இத்தனை டொலர் என்ற விளம்பரங்கள் எதிர்கொள்கின்றன. ஆனால் எந்தத் தடத்தில் ஓடுகிறார் என்பதைப் பொறுத்து, ஒரே அளவான வாராந்தச் சம்பளத்துக்குப் பின்னால் உள்ள உழைப்பு பெரிதும் வேறுபடுகிறது.

சம்பளம் பெறாத மணித்தியாலங்கள்

நெடுந்தூரச் சாரதிகளில் பெரும்பாலானோருக்கு மைல் கணக்கிலேயே ஊதியம் வழங்கப்படுகிறது. சக்கரம் சுழன்றால் பணம், நின்றால் இல்லை. சரக்கு ஏற்றவும் இறக்கவும் களஞ்சியசாலை வாசலில் காத்திருக்கும் நேரம், எல்லையில் சுங்க வரிசை, வாகனப் பரிசோதனை, எரிபொருள் நிரப்புதல் ஆகியவை பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. காத்திருப்பில் முதல் இரண்டு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை என்பது இத்துறையின் வழக்கம். அதற்குப் பின்னர் சரக்கு உரிமையாளரிடம் நிறுவனம் அறவிடும் தொகையில் சாரதிக்குப் பங்கு உண்டா என்பது அவரது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

மைலை அளக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. சில நிறுவனங்கள் வாகனம் உண்மையில் ஓடிய தூரத்துக்கு அன்றி, ஊருக்கும் ஊருக்கும் இடையே பட்டியலில் குறிக்கப்பட்ட தூரத்துக்கே சம்பளம் தருகின்றன. பட்டியல் தூரம் வழக்கமாகக் குறைவாகவே இருக்கும்.

ஓர் உதாரணம் இதைத் தெளிவாக்கும். மைலுக்கு 55 சதம் பெறும் சாரதி ஒருவர் வாரத்தில் 2,500 மைல் ஓடினால் 1,375 டொலர் கிடைக்கும். மணிக்குச் சராசரி 55 மைல் என்றால் ஓட்டிய நேரம் ஏறத்தாழ 45 மணி. காத்திருப்பும் பிற வேலைகளும் 20 மணி நேரம் என்று கொண்டால் மொத்தம் 65 மணி. அப்போது ஒரு மணி நேரத்துக்கு அவர் பெறுவது 21 டொலர் அளவே.

நகருக்குள் ஓடும் இன்னொருவர் மணிக்கு 24 டொலருக்கு 50 மணி நேரம் வேலை செய்வதாகக் கொள்வோம். கனடாவின் கூட்டரசுச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களில் நகரச் சாரதிக்கு வாரத்தில் 45 மணிக்குப் பின்னர் ஒன்றரை மடங்கு மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டு. நெடுஞ்சாலைச் சாரதிக்கு அந்த எல்லை 60 மணி. இதன்படி நகரச் சாரதிக்கு 1,260 டொலர் கிடைக்கும். நெடுந்தூரச் சாரதி கூடுதலாகப் பெறும் 115 டொலருக்காக 15 மணி நேரம் அதிகமாக உழைக்கிறார். வாரத்தில் பல இரவுகளை வாகனத்திலேயே கழிக்கிறார். வழியில் உண்ணும் உணவின் செலவும் அவருடையதே. நெடுந்தூரச் சாரதிகள் உணவுச் செலவில் 80 விழுக்காட்டை வரிக் கழிவாகக் கோரலாம் என்பது ஓரளவு ஆறுதல்.

தடத்துக்குத் தடம்

ரொறன்ரோவிலிருந்து வின்சர் ஏறத்தாழ 370 கிலோமீற்றர். போய் அன்றே திரும்பலாம். மொன்றியல் 540 கிலோமீற்றர். சாரதி ஒருவர் நாளொன்றில் 13 மணி நேரம் ஓட்டலாம் என்பது கனடாவின் விதி. அதற்குள் மொன்றியல் போய்த் திரும்புவது கணக்கில் சாத்தியமே. ஆனால் இறக்குமிடத்தில் இரண்டு மணி நேரம் தாமதித்தால் இரவு வழியில்தான்.

பிரம்ரன் போன்ற இடங்களிலுள்ள ரயில் முனையங்களிலிருந்து கொள்கலன்களை எடுத்துச் செல்லும் வேலையில் வீடு அருகில் என்பது வசதி. ஆனால் கொள்கலன் ஒன்றுக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசப்பட்டிருந்தால், முனைய வரிசையில் நிற்கும் நேரம் சாரதியின் நட்டமாகிறது.

மேற்கே வினிபெக் 2,200 கிலோமீற்றர். வட ஒன்ராறியோவில் நெடுஞ்சாலையின் பெரும்பகுதி திசைக்கு ஒரு தடம் மட்டுமே கொண்டது. பனிக்காலத்தில் விபத்தாலும் பனிப்புயலாலும் அது மூடப்படுவது வழமை. மைல் கணக்கில் உழைப்பவருக்கு அது வருமானமற்ற நாள்.

அமெரிக்கத் தடங்களில் மைல் அதிகம், கட்டுப்பாடும் அதிகம். அங்கு 11 மணி நேரமே ஓட்டலாம். அதுவும் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள். காத்திருந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. மின்னணுப் பதிவுக் கருவி அமெரிக்காவில் 2017 டிசம்பரிலும் கனடாவில் 2021 ஜூனிலும் கட்டாயமாக்கப்பட்டது. கனடாவில் தண்டனையுடன் கூடிய நடைமுறை 2023 ஜனவரியில் தொடங்கியது. காகிதக் குறிப்பேட்டில் நேரத்தைச் சரிக்கட்டும் பழைய வழி இதனால் பெருமளவு அடைபட்டது. களஞ்சியசாலையில் இழந்த நேரம் இப்போது நேரடியாக இழந்த மைலாகிறது.

அற்லாண்டாவில் சரக்கு இறக்கும் கனேடியச் சாரதி அங்கிருந்து சிக்காகோவுக்குச் சரக்கு ஏற்ற முடியாது. அமெரிக்க நகரங்களுக்கிடையே சரக்குக் கொண்டுசெல்லும் உரிமை அவருக்கு இல்லை. கனடாவுக்கு வரும் சரக்குக் கிடைக்கும்வரை காத்திருக்கவோ, வெறும் வாகனத்துடன் வேறு ஊருக்கு ஓடவோ நேரலாம். இன்னும் குடியுரிமை பெறாத, இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு அமெரிக்க விசாவும் தேவை. 2025 ஜூன் மாதத்திலிருந்து, போதிய ஆங்கிலம் இல்லாத சாரதிகளை அமெரிக்க அதிகாரிகள் சோதனையின்போது மேற்கொண்டு ஓட்டவிடாமல் நிறுத்துவது மீண்டும் நடைமுறைக்கு வந்துள்ளது.

தெரிவு யாருடையது?

இரவில் வீடு திரும்பும் வேலையையே புதியவர் தேர்ந்தெடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் தெரிவு பெரும்பாலும் அவர் கையில் இல்லை. இரண்டு, மூன்று ஆண்டு அனுபவமற்ற சாரதிகளைக் காப்புறுதி நிறுவனங்கள் எளிதில் ஏற்பதில்லை. எனவே ஒழுங்காகச் சம்பளம் தரும் பல நிறுவனங்கள் அவர்களைச் சேர்ப்பதில்லை. இந்த ஆபத்து வெறும் கற்பனையன்று. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஹம்போல்ட் இளையோர் ஹொக்கி அணியின் பேருந்து பாரவூர்தியுடன் மோதியதில் 16 பேர் உயிரிழந்தனர். நிறுத்தற் குறியில் நிற்காமல் சென்ற அந்தச் சாரதி வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

கதவுகள் மூடப்பட்ட நிலையில் புதியவருக்குத் திறந்திருக்கும் கதவு பெரும்பாலும் ஒன்றே. "உங்கள் பெயரில் ஒரு கம்பனி பதியுங்கள், மைலுக்குச் சில சதம் கூட்டித் தருகிறோம், வரி பிடிக்கமாட்டோம்" என்பது அங்கு கேட்கும் பேச்சு. வாகனமும் எரிபொருளும் நிறுவனத்துடையவை. வேலையை ஏவுவதும் நிறுவனமே. ஆனால் காகிதத்தில் சாரதி ஒரு முதலாளி.

விடுமுறைக் கொடுப்பனவு, மேலதிக நேரம், வேலையின்மைக் காப்புறுதி, ஓய்வூதியத்தில் முதலாளி செலுத்தும் பாதி ஆகியவை இவ்வேற்பாட்டில் இல்லாமல் போகின்றன. வேலையில் காயமடைந்தால் இழப்பீடும் உறுதியில்லை. ஊழியரை இவ்வாறு தவறாக வகைப்படுத்துவதைக் கனேடியத் தொழிற்சட்டம் 2021 ஜனவரி 1 முதல் தடைசெய்கிறது. இத்தகைய கம்பனிகளுக்குச் சிறுதொழில் வரிச்சலுகையும் கிடையாது. ஒன்ராறியோவில் அவற்றுக்கான வரி 44.5 விழுக்காடு. கூடுதலாகக் கிடைத்த சில சதம், பின்னர் வரும் ஒரே வரி அறிவித்தலில் கரைந்துவிடலாம்.

இந்நிலை தற்செயலாகத் தோன்றியதன்று. சரக்குக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை அமெரிக்கா 1980ஆம் ஆண்டிலும், கனடா 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும் பெருமளவு தளர்த்தின. போட்டி பெருகிக் கட்டணம் குறைந்தது. அந்தக் குறைவைச் சுமந்தவர்களில் சாரதிகள் முதன்மையானவர்கள் என்று தாமே முன்னர் பாரவூர்தி ஓட்டியவரான அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் பெல்சர் 2000ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் வாதிட்டார். சாரதியின் நேரத்துக்கு விலை இல்லாதபோது, அதை வீணாக்குவதால் சரக்கு உரிமையாளருக்கு நட்டமும் இல்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் மைல் விலையோடு வேறு சிலவற்றையும் கேட்டறிவது அவசியம். எந்த மைல் கணக்கிடப்படுகிறது? காத்திருப்புக்கு எப்போதிலிருந்து, எவ்வளவு? சாலை மூடப்பட்டால் என்ன? சம்பளத் துண்டு ஊழியர் என்ற பெயரில் வருமா? கடந்த மாதம் அதே தடத்தில் ஓடிய ஒருவர் உண்மையில் எத்தனை மணி நேரம் உழைத்து எவ்வளவு பெற்றார்? வாராந்தத் தொகையை இந்த மணித்தியாலங்களால் வகுத்துப் பார்க்கும்போது, விளம்பரத்தில் பெரிதாகத் தெரிந்த தடம் சிறிதாகலாம். சிறிதாகத் தெரிந்த தடம் ஒரு குடும்பத்தை நிலைநிறுத்தப் போதுமானதாகலாம்.