சோலைமந்தியின் காட்டில் மீண்டும் ஒரு மின்திட்டம்

புது தில்லி: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-வது பிரிவு, சரணாலயத்துக்குள் உள்ள வாழிடத்தைச் சேதப்படுத்துவதையும், அதற்குள் வரும் அல்லது அதிலிருந்து வெளியேறும் நீரோட்டத்தை மாற்றுவதையும் தடை செய்கிறது. இதற்கு விதிவிலக்கு ஒன்றுதான். அங்குள்ள வன உயிரினங்களின் மேம்பாட்டுக்கும் சிறந்த பராமரிப்புக்கும் அது அவசியம் என மாநில அரசு கருத வேண்டும். 2,000 மெகாவாட் மின்திட்டம் ஒன்று இந்த வாசகத்துக்குள் எப்படி அடங்கும் என்ற கேள்வியைக் கர்நாடகத்தின் ஷராவதி பள்ளத்தாக்கு எழுப்பியிருக்கிறது.

அந்தப் பள்ளத்தாக்கில் உள்ளது சாதாரணச் சரணாலயம் அன்று. ஒரு குரங்கின் பெயரையே தாங்கி நிற்பது. சிங்கவால் குரங்கு என்று பரவலாக அறியப்படும் சோலைமந்திக்காக, பழைய ஷராவதி சரணாலயத்துடன் அகநாசினி காப்புப் பகுதியையும் பிற காடுகளையும் இணைத்து 2019-ல் சுமார் 930 சதுர கிலோ மீட்டர் பரப்பில் இது அறிவிக்கப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 2025 ஜூனில், தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழு இதே சரணாலயத்தில் நீரேற்று மின்திட்டத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு இது. தெற்கே களக்காடு மலைகளிலிருந்து வடக்கே ஷராவதி, அகநாசினி ஆறுகளின் காடுகள் வரை, தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களில் துண்டு துண்டாகச் சிதறியுள்ளது. கரிய உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, சுமார் 25 செ.மீ. நீள வாலின் நுனியில் குஞ்சம். இந்த வாலால்தான் சிங்கத்தின் பெயர் வந்தது, பிடரியால் அல்ல. மக்காக் இனக் குரங்குகளில் இது சிறியவற்றுள் ஒன்று. பெண் குரங்கின் எடை சுமார் 5 கிலோ. காட்டில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 4,000 என்பது பொதுவான மதிப்பீடு. அவற்றில் முதிர்ந்தவை 2,500-க்கும் குறைவு என்று கூறும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், இதை அழியும் அபாயத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டுள்ளது.

எண்ணிக்கையைவிடக் கவலைக்குரியது அதன் வாழ்க்கை முறை. நாட்டுக் குரங்கைப் போல ஊரிலும் கோயிலிலும் பிழைக்கத் தெரியாதது சோலைமந்தி. ஒரு கூட்டத்தில் 15 முதல் 20 வரை இருக்கும். மரத்திலிருந்து மரத்துக்குத் தாவியே நாளைக் கழிக்கும். தரையில் இறங்குவது அரிது. ஆண் குரங்கின் உரத்த கூவல்தான் அடுத்த கூட்டத்துக்கு எல்லையை உணர்த்துகிறது. தென்பகுதிக் காடுகளில் வெடிப்பலா மரம்தான் பிரதான உணவு. பெண் குரங்கு முதல் குட்டியை ஈனவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அடுத்த குட்டிக்கு மேலும் இரண்டு, மூன்று ஆண்டுகள். இப்படிப்பட்ட உயிரினத்துக்கு, மர உச்சிகளின் தொடர்ச்சியை அறுக்கும் ஒரு சாலையும் வேலிதான்.

ஷராவதி திட்டம் புதிய அணை கட்டுவதல்ல என்பதை அதன் ஆதரவாளர்கள் வலியுறுத்துகின்றனர். அது உண்மையே. ஏற்கெனவே உள்ள தலகலலே நீர்த்தேக்கம் மேலே. கெருசொப்பா நீர்த்தேக்கம் கீழே. மின்சாரம் மிகுந்திருக்கும் வேளையில் கீழிருந்து நீர் மேலே ஏற்றப்படும். தேவை உச்சத்தில் இருக்கும்போது அதே நீர் இறக்கப்பட்டு மின்சாரம் எடுக்கப்படும். எடுப்பதைவிட ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரமே அதிகம் என்றாலும், சூரிய ஒளி, காற்று மின்சாரத்தைச் சேமித்து வைக்க இதைவிடப் பெரிய கிடங்கு கைவசம் இல்லை. 2030-க்குள் புதைபடிவம் சாராத 500 ஜிகாவாட் மின்திறன் என்ற இலக்கை வைத்துள்ள மத்திய அரசு, நீரேற்றுத் திட்டங்களை ஊக்குவிக்க 2023 ஏப்ரலில் தனி வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது. ஆனால் இரு நீர்த்தேக்கங்களுக்கும் இடையே இருப்பது வெற்றிடம் அல்ல. சுரங்கப்பாதைகளுக்கும் நிலத்தடி மின்நிலையத்துக்கும் இயந்திரங்களைக் கொண்டு செல்ல வேண்டிய சாலைகளுக்கும் இடம் தரவேண்டியது பசுமைமாறாக் காடு.

வடகோடியில் உள்ள இந்தக் காட்டின் மதிப்பு வெகுகாலம் தெரியாமலே இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் மைசூர் பல்கலைக்கழகத்தின் மேவா சிங், ஹொன்னவள்ளி குமாரா ஆகியோர் சிர்சி, ஹொன்னாவர் காடுகளில் நடத்திய கணக்கெடுப்பில் 30-க்கும் மேற்பட்ட சோலைமந்திக் கூட்டங்கள் கண்டறியப்பட்டன. வெடிப்பலா இல்லாத இந்த வட பகுதியில், உள்ளூர் மக்கள் விற்பனைக்காகப் பறிக்கும் குடம்புளிப் பழத்துக்கும் அவை போட்டியிடுகின்றன. அந்த ஆய்வின் தொடர்ச்சியாகவே அகநாசினி காப்புப் பகுதி 2011-ல் அறிவிக்கப்பட்டது.

மின்சாரமா, குரங்கா என்ற வாதம் தலைநகருக்குப் புதிதல்ல. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி முதற்கட்டமாக 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் அமைதிப் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு 1973-ல் திட்டக் குழு ஒப்புதல் அளித்தது. சுமார் 830 ஹெக்டேர் மூழ்கும் எனக் கணக்கிடப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கௌஸ்கி ஆகியோரின் சோலைமந்தி ஆய்வு உலகின் கவனத்தைத் திருப்பியது. 1978-ல் அஷ்காபாத்தில் கூடிய சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், அமைதிப் பள்ளத்தாக்கையும் தமிழகத்தின் களக்காட்டையும் காக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. களக்காட்டில் 1976-லேயே சோலைமந்திக்கெனச் சரணாலயம் அமைக்கப்பட்டிருந்தது.

கேரளத்தில் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் திட்டத்தின் பக்கமே நின்றன. மனிதரைவிடக் குரங்கு பெரிதா என்ற கேள்வி மேடைதோறும் எழுந்தது. இடதுசாரிச் சார்பு கொண்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தே எதிர்ப்பைத் தெருவுக்குக் கொண்டு வந்தது வேடிக்கையான முரண். கவிஞர் சுகதகுமாரி போன்ற எழுத்தாளர்கள் உடன் நின்றனர். தில்லியில் மொரார்ஜி தேசாய் அரசு திட்டத்தை அனுமதித்தது. வேளாண் துறைச் செயலராக இருந்த எம்.எஸ்.சுவாமிநாதன், அமைதிப் பள்ளத்தாக்குடன் அட்டப்பாடி, புதிய அமரம்பலம், நீலகிரியின் குந்தா காடுகளையும் சேர்த்து மழைக்காட்டு உயிர்க்கோளக் காப்பகம் அமைக்கலாம் என 1979-ல் பரிந்துரைத்தார். 1980-ல் மீண்டும் பிரதமரான இந்திரா காந்தி எம்.ஜி.கே.மேனன் தலைமையில் மத்திய, மாநிலக் கூட்டுக் குழுவை அமைத்தார். அதன் அறிக்கைக்குப் பின் 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு வெளியானது. 1985 செப்டம்பரில் அதைத் தொடங்கிவைத்தவர் ராஜீவ் காந்தி.

திட்டம் மடிந்தாலும் ஆசை மடியவில்லை. அதே ஆற்றில் பூங்காவின் எல்லையை ஒட்டி பாத்திரக்கடவு என்ற 70 மெகாவாட் திட்டம் 2000-களில் தலைதூக்கியது. 2007-ல் சுமார் 148 சதுர கி.மீ. பரப்பு இடைநிலைப் பகுதியாகச் சேர்க்கப்பட்ட பிறகே அது அடங்கியது.

அந்நாளுக்கும் இந்நாளுக்கும் உள்ள வேறுபாடு சட்டப் புத்தகத்தில் உள்ளது. 42-வது திருத்தத்தால் 1976-ல் காடும் வன உயிரினமும் பொதுப் பட்டியலுக்கு வந்தன. வனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது 1980-ல்தான். இன்றோ சோலைமந்தி முதல் அட்டவணையில் உள்ளது. சரணாலய எல்லை உள்ளது. பிரதமரைத் தலைவராகக் கொண்ட வாரியமும் உள்ளது. ஆனால் அந்த முழு வாரியம் 2012 செப்டம்பருக்குப் பிறகு கூடியது 2025 மார்ச்சில், கிர் காட்டில்தான். இடைப்பட்ட பன்னிரண்டரை ஆண்டுகளில் சரணாலய நிலம் தொடர்பான திட்டங்களை எல்லாம் பரிசீலித்தது சுற்றுச்சூழல் அமைச்சர் தலைமையிலான நிலைக்குழு. திட்டங்களைச் சலித்தெடுக்கும் இடமாக அல்லாமல், நிபந்தனைகளுடன் அனுப்பிவைக்கும் இடமாக அது மாறிவிட்டது என்ற குற்றச்சாட்டு எளிதில் ஒதுக்கக்கூடியதன்று.

கொள்கை அளவிலான ஒப்புதல் இறுதி அனுமதி ஆகாது. வன நிலத்தை மாற்றுவதற்கும் சுற்றுச்சூழல் பாதிப்புக்கும் தனித்தனி அனுமதிகள் தேவை. நிபந்தனைகளில் வழக்கமாக இடம்பெறுவது, மரங்களுக்கிடையே குரங்குகள் கடக்கத் தொங்கு பாலங்கள். வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில் அத்தகைய பாலங்கள் உள்ளன. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிக்கிய சிறு காட்டில் வாழும் அக்குரங்குகள் அவற்றின் வழியே சாலையைக் கடக்கின்றன. அதே குரங்குகள் தரையில் இறங்கி வீடுகளின் கூரைகளிலும் குப்பைத் தொட்டிகளிலும் உணவு தேடுகின்றன. வாகனங்களில் அடிபட்டும் இறக்கின்றன.