விதைக்குள் ஒரு கவசம்

ஜொகூர் மாநிலத்தின் தென்கோடியில், நீரிணையை ஒட்டி அமைந்துள்ள ஊர் கெலாங் பாத்தா. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் இத்தகைய இடங்களில் முலாம்பழம் பயிரிடுவது எளிதன்று. முலாம்பழக் கொடி வெயிலை விரும்பும்; ஈரமான காற்றோ அதற்கு ஆகாது. ஆகவேதான், நம் நாட்டு விவசாயிகள் பலர் நெகிழிக் கூரையின் கீழ் அதனை வளர்க்கின்றனர். தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளில் கொடியை நட்டு, சொட்டு நீரோடு உரத்தையும் கலந்து கொடுக்கும் பெர்திகாசி முறையைக் கையாளுகின்றனர். பெரும்பாலும் ஒரு கொடியில் ஒரு பழத்தை மட்டுமே விட்டுவைப்பார்கள். இனிப்பு முழுவதும் அந்த ஒரு பழத்தில் சேர வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

பழத்தின் இனிப்பு எங்கிருந்து வருகிறது? இலைகள்தாம் சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரையை உருவாக்கிப் பழத்திற்கு அனுப்புகின்றன. அறுவடைக்குச் சில வாரங்களே இருக்கும்போது இலைகள் நோயுற்றால், பழம் சிறுத்துவிடும், சுவையும் குன்றும். இனிப்பில்லாத முலாம்பழத்தை யார் வாங்குவார்? இரண்டரை மாத உழைப்பு வீணாகிவிடும்.

முலாம்பழத்திற்குப் பகைவர் பலர் உள்ளனர். இலையின்மேல் வெண்மாவு தூவியதுபோல் படரும் சாம்பல் நோய் ஒரு வகைப் பூஞ்சையால் உண்டாகிறது. அசுவினி என்னும் சிறு பூச்சி சாற்றை உறிஞ்சுவதோடு, ஒரு கொடியிலிருந்து மற்றொரு கொடிக்கு வைரஸ் கிருமிகளையும் கொண்டு செல்கிறது. பழ ஈ, காயைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. இவற்றை மருந்து தெளித்தே விரட்டலாம் என எண்ணுவது தவறு. வைரஸ் தாக்கிய கொடியைக் குணப்படுத்த மருந்தே இல்லை. மேலும், ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் தெளித்தால், பூச்சிகளும் பூஞ்சைகளும் அதனைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிடுகின்றன. விவசாயிக்குச் செலவும் கூடுகிறது.

அப்படியானால், நோயைத் தானே எதிர்க்கும் கொடியை உருவாக்க முடியுமா? இக்கேள்விக்கான விடை ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் தேடப்பட்டது. 1925ஆம் ஆண்டு, கலிபோர்னியா மாநிலத்தின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் முலாம்பழத் தோட்டங்களைச் சாம்பல் நோய் தாக்கியது. அங்குப் பயிரிடப்பட்ட இனிப்பு வகைகளால் அந்நோயை எதிர்த்து நிற்க இயலவில்லை. ஜேகர், ஸ்காட் முதலிய ஆய்வாளர்கள் நோயை எதிர்க்கும் கொடி ஒன்றைத் தேடினர். அவர்களுக்குத் தேவையான பண்பு, இந்தியாவிலிருந்து வந்த விதையில் கிடைத்தது.

இந்தியாவில் மிகப் பழங்காலந்தொட்டே முலாம்பழ இனங்கள் வளர்ந்து வருகின்றன. தமிழ்நாட்டில் வெள்ளரிப்பழம் எனப்படும் பழமும் அவற்றுள் ஒன்று. பழுத்ததும் தோல் வெடித்துவிடும் அப்பழத்தில் இனிப்புக் குறைவு. எனவே, வெல்லமோ சர்க்கரையோ தூவி உண்பார்கள். இவ்வகை நாட்டு இனங்கள் பூச்சிகளோடும் பூஞ்சைகளோடும் பல தலைமுறைகள் போராடி வளர்ந்தவை. அவற்றுள் பல, நோய் எதிர்ப்புத் திறனைத் தம் விதையிலேயே கொண்டுள்ளன.

ஆனால், இந்திய விதையில் கிடைத்த எதிர்ப்புத் திறனை இனிப்பான பழத்திற்கு எவ்வாறு மாற்றுவது? முதலில் இரண்டு கொடிகளையும் மகரந்தச் சேர்க்கை மூலம் கலக்கின்றனர். பிறக்கும் கொடியில் பாதி இனிப்பு இனத்தின் மரபணுக்கள். பாதி நாட்டு இனத்தின் மரபணுக்கள். அதனை மீண்டும் இனிப்பு இனத்தோடு கலந்தால், அதன் பங்கு சராசரியாக நான்கில் மூன்றாகிறது. அடுத்த முறை எட்டில் ஏழு; அதற்கடுத்த முறை பதினாறில் பதினைந்து. ஒவ்வொரு தலைமுறையிலும் நோயைத் தாங்கிய கொடிகளை மட்டுமே தேர்ந்தெடுக்கின்றனர். இறுதியில், பழம் இனிப்பு இனத்தைப்போல் இருக்கும். எதிர்ப்புத் திறனோ நாட்டு இனத்திற்குரியதாக இருக்கும். இதனைப் பின்கலப்பு முறை என்பர்.

இம்முறையில் உருவான 'பி.எம்.ஆர். 45' என்னும் வகை 1936ஆம் ஆண்டு விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. சிக்கல் தீர்ந்தது என்றே எல்லாரும் எண்ணினர். ஆயினும், இரண்டே ஆண்டுகளில், அதாவது 1938இல், அந்த வகையையும் தாக்கவல்ல புதிய சாம்பல் நோய்ப் பூஞ்சை தோன்றிவிட்டது. பூட்டைப் போட்டதும் திருடன் புதுச் சாவி செய்த கதைதான் இது! பூஞ்சையும் ஓர் உயிர். அதன் மரபணுக்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. எனவே, ஆய்வாளர்கள் மறுபடியும் புதிய எதிர்ப்பு மரபணுக்களைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

இன்று இத்தேடல் சற்று விரைவாக நடைபெறுகிறது. முலாம்பழத்தின் மரபணுத் தொகுதி 2012ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. 12 இணைக் குரோமோசோம்களில் சுமார் 27,000 மரபணுக்கள் இருப்பது அதன்வழி தெரியவந்தது. இப்போது நாற்றின் சிறு இலைத்துண்டைச் சோதித்தே, வேண்டிய மரபணு அதில் உள்ளதா என்று அறியலாம். கொடி வளர்ந்து நோயுறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 'வேட்' என்னும் மரபணு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது உள்ள கொடியில் பருத்தி அசுவினி பெருகுவதில்லை. அப்பூச்சி கொண்டுவரும் வைரஸும் எளிதில் பரவுவதில்லை. கொரிய நாட்டு இனம் ஒன்றிலும் இந்திய விதை ஒன்றிலும் இம்மரபணு காணப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்களை ஒரே கொடியில் சேர்த்தால், பகைவர் அதனை வெல்வது கடினமாகும்.

எனினும், விதை ஒன்றே எல்லாவற்றுக்கும் தீர்வாகாது. பழ ஈயைத் தடுக்க வலை கட்டுவதும், இளங்காய்களை உறையிட்டு மூடுவதும், விழுந்த பழங்களை அகற்றுவதும் இன்றும் தேவைப்படுகின்றன. நல்ல விதையும் நல்ல பராமரிப்பும் இணைந்தால்தான் மருந்துத் தெளிப்பைக் குறைக்க இயலும்.

சுவை குறைந்தது, விலை போகாதது என்று ஒதுக்கப்படும் நாட்டு இனங்களே நாளைய பழத்தைக் காக்கும் மரபணுக்களை வைத்திருக்கின்றன. பயிரிடுவார் இல்லாமல் ஓர் இனம் அழிந்தால், அதனோடு அதன் எதிர்ப்புத் திறனும் மறைந்துவிடும். விதை வங்கிகளில் அவற்றைச் சேமிப்பதும், வீட்டுத் தோட்டத்தில் தொடர்ந்து பயிரிடுவதும் இன்றியமையாதவை. அடுத்து எந்த நோய் வரும் என்று எவராலும் கூற இயலாது. அது வரும்போது, அதனை எதிர்க்கும் விதை நம் கையில் இருக்க வேண்டும்.