பழுதான பெட்டிக்குப் பாகம் தேடி…

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் பங்குக் குருவின் கண்ணில், பரணின்மேல் துணி போர்த்திய ஒரு பெட்டி பெரும்பாலும் பட்டே தீரும். துணியை விலக்கினால் பிலிப்ஸ், மர்பி, புஷ் என ஏதேனும் ஒரு பெயர் தெரியும். “தாத்தா காலத்து ரேடியோ சாமி, பாடாது. தூக்கிப் போடவும் மனசு வரல” என்பார் வீட்டுத் தலைவி. அதே வீட்டின் மூலையில், 2006 முதல் தமிழக அரசு 1.5 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளுள் ஒன்றும் ஓய்வு பெற்று அமர்ந்திருக்கும். இரண்டிற்கும் கிடைத்த தீர்ப்பு ஒன்றே: “பாகம் கிடைக்காது.”

இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய காலம் ஒன்றிருந்தது. ஊராட்சி மன்றத்துக் குழாய் ஒலிபெருக்கியின் கீழ் ஊரே கூடி அமர்ந்திருக்கும். 1967-இல் புதுச்சேரி வானொலி நிலையம் தோன்றிய பின் நம் பகுதி மக்களுக்கு அதுவே வீட்டுக்குரலாயிற்று. சிற்றலையில் இலங்கை வானொலி. அதே சிற்றலையில், 1969-இல் மணிலாவில் தொடங்கப்பெற்ற வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி. வேரித்தாஸ் 2018 ஜூன் இறுதியில் சிற்றலையைக் கைவிட்டு இணையத்திற்கு மாறியபோது, பழைய பெட்டிகளைப் பேணிவந்த முதியோர் பலர் ஒரு துணையை இழந்தனர் என்றே சொல்லவேண்டும்.

அக்காலப் பெட்டிகள் பழுதுபார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. பல பெட்டிகளின் உட்புறத்தில் மின்சுற்று வரைபடமே ஒட்டப்பட்டிருக்கும். 1954-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ், வால்வுகளையும் பின்னர் டிரான்சிஸ்டர்களையும் நம் நாட்டிலேயே செய்தளித்தது. வரைபடம் கிழிந்து போயிருந்தாலும் வால்வின் மீதுள்ள எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். “ஈ.சி.எச். 81” என்றிருந்தால், முதலெழுத்து அதன் இழை 6.3 வோல்ட்டில் எரிவது என்பதைக் குறிக்கும். அடுத்த இரண்டெழுத்துகள் உள்ளே எவ்வகை வால்வுகள் உள்ளன என்பதைக் கூறும். “ஈ.எல். 84”, “ஈ.சி.சி. 83” ஆகியவை கிட்டார் ஒலிபெருக்கிகளுக்காக இன்றும் ரஷ்யாவிலும் சீனாவிலும் தயாராகின்றன என்றால் வியப்பாக இல்லையா? ஏனையவற்றிற்குப் பழைய இருப்பைத்தான் தேடவேண்டும்.

ஆனால் வால்வு கெட்டுப்போய்ப் பெட்டி ஊமையானது என்பது பல வேளைகளில் தவறான முடிவு. முதலில் முதுமையடைவது கண்டென்சரே. அதனுள் இருக்கும் ஈரம் காலப்போக்கில் உலர்ந்துவிடும். காகிதக் கண்டென்சர்களோ மின்சாரத்தைக் கசியவிட்டு, கடைசி வால்வையே சூடேற்றிக் கெடுத்துவிடும். விலையோ சில ரூபாய்கள். மைக்ரோபாரட் அளவு அதுவாகவே இருக்கவேண்டும். வோல்ட் அளவு முன்னையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். டிரான்சிஸ்டர் பெட்டிகளில் இருந்த “ஏ.சி. 128” போன்ற ஜெர்மானிய வகைகள் கிடைக்காவிடில் சிலிக்கான் வகையை இடலாம். ஆயினும் ஜெர்மானியம் 0.2 வோல்ட்டில் விழித்தெழும், சிலிக்கானுக்கு 0.6 வோல்ட் வேண்டும். ஆகவே அருகிலுள்ள ரெசிஸ்டர்களையும் மாற்றியமைக்கத் தெரிந்த கைதான் அதனைத் தொடவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் உறங்கிய வால்வு வானொலியை ஆவல் மிகுதியால் நேரே மின்சாரத்தில் இணைத்துவிடாதீர்கள். அனுபவசாலிகள் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்தே முதலில் சோதிப்பர். உள்ளே குறுக்கிணைப்பு இருந்தால் பல்பு பளீரென எரிந்து, பெட்டியைக் காக்கும். அதனுள் 250 வோல்ட் அளவு மின்னழுத்தம் இருக்கும். இணைப்பைத் துண்டித்த பின்னும் கண்டென்சரில் அது தங்கும். பிள்ளைகளை அண்டவிடலாகாது. படக்குழாய்த் தொலைக்காட்சியிலோ பல்லாயிரம் வோல்ட். அதனை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

அந்த 14 அங்குலப் பெட்டிகளைப் பற்றியும் ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தொலைக்காட்சிக்கான படக்குழாய்த் தயாரிப்பு நின்று பல ஆண்டுகளாயின. குழாய் மங்கிவிட்டால் செலவு செய்வது வீண். படம் நன்றாயிருந்து மின்வழங்கும் பகுதி மட்டும் கெட்டிருந்தால் சரிசெய்யலாம். இன்றைய தட்டைத் தொலைக்காட்சிகளிலும் இதே நிலைதான். திரை உடைந்தால் முடிந்தது. பின்னொளிப் பட்டையோ பவர் போர்டோ பழுதானால் மாற்றலாம்.

பாகம் தேடும் பழுதுபார்ப்பவர் இறுதியில் போய்ச்சேரும் இடம் சென்னை ரிச்சி தெரு. முன்பு மூர் மார்க்கெட்டிலும் பழைய பாகங்கள் கிடைத்தன. 1985-இல் தீ அதனை விழுங்கிற்று. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும், நரசிங்கபுரம் தெருவும், வாலர்ஸ் சாலையும் இன்றும் அந்த வேலையைச் செய்கின்றன. நம்மவர்க்கு வழி எளிது: விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ரயிலேறி எழும்பூரில் இறங்கினால் சிறிது தூரமே.

எனக்கு மனவருத்தம் தருவது பாகங்களின் பற்றாக்குறையைவிட ஏடுகளின் அழிவே. டயனோரா, சாலிடேர் என நம் சென்னையில் உருவான தொலைக்காட்சிகளின் வரைபடங்கள் எளிதில் அகப்படுவதில்லை. ஐரோப்பியப் பெட்டிகளின் வரைபடங்களை ஆர்வலர் பலர் இணையத்தில் சேர்த்து வைத்துள்ளனர்; நம் நாட்டு மாதிரிகளுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. அவை வாழ்ந்தது பழுதுபார்ப்பவர்களின் குறிப்பேடுகளில். திண்டிவனத்தில் நானறிந்த ஒருவர், எந்தப் பெட்டியில் எந்த ரெசிஸ்டர் முதலில் கருகும் என்பதுவரை பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். அவர் காலமான சில வாரங்களில் அந்நோட்டுகள் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போயின. பிள்ளைகளைக் குறைகூற இயலாது. அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இத்தகைய நோட்டு உங்கள் இல்லத்தில் இருப்பின், ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, ஐ.டி.ஐ.யில் மின்னணுப் பயிற்சி பெறும் பிள்ளை ஒருவனிடம் ஒப்படையுங்கள்.

அரசும் விழித்திருக்கிறது. மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்துக் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24-இல் அதற்கென ஓர் இணையத்தளத்தையும் திறந்தது. பழுதுநீக்கும் கையேடுகளையும் பாகங்களைப் பற்றிய விவரங்களையும் நிறுவனங்கள் அதில் தருவதே நோக்கம். ஐரோப்பிய ஒன்றியமோ 2021 முதல் குளிர்பதனப் பெட்டிக்கு 7 ஆண்டுகளும், சலவை இயந்திரத்திற்கு 10 ஆண்டுகளும் முக்கியப் பாகங்கள் கிடைக்கச் செய்யவேண்டுமெனச் சட்டமே இயற்றிவிட்டது. மூடப்பட்ட தொழிற்சாலையின் பெட்டிக்கு இவற்றால் பயனில்லை. இனி வாங்கும் பொருளுக்கு உண்டு. வாங்குமுன் “பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்?” என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அவர் திகைக்கக்கூடும், கேட்பவர் பெருகினால் விடையும் வரும்.

ரிச்சி தெருவிற்குப் புறப்படுவோர்க்கு ஒரு சொல். வெளிப்பெட்டியின் மாதிரி எண்ணை மட்டும் குறித்துச் செல்லாதீர்கள். போர்டின் மீது அச்சிடப்பட்ட எண்ணும், தட்டைத் தொலைக்காட்சியானால் திரையின் பின்புறமுள்ள எண்ணும்தான் கடைக்காரர் கேட்பவை. பழுதான பாகத்தையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். ஞாயிறன்று அங்கே பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்.