பிரிண்டருக்கு வெளி மை ஊற்றலாமா?

ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் வந்தால் பேனா மை பாட்டில் வாங்குவோம். இப்போது எங்கள் தென்காசியில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது கலர் பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகளின் புராஜெக்ட், பாஸ்போர்ட் சைஸ் படம், ஐந்தருவியில் குளித்துவிட்டு எடுத்த குடும்பப் படம் எல்லாம் அதில்தான். மை தீர்ந்ததும்தான் யோசனை பிறக்கிறது. கம்பெனி மையை விட மலிவாக வேறு மை கடையில் கிடைக்கிறதே, அதை ஊற்றினால் என்ன?

ஊற்றலாம். ஆனால் எந்தப் படத்துக்கு என்று பார்த்து ஊற்ற வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு மதினி. அம்மா காலமான பிறகு, செல்போனில் இருந்த ஒரே நல்ல படத்தை வெளி மையில் வீட்டிலேயே பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போடாமல் ஜன்னலுக்கு எதிரே மாட்டினார். அப்புறம் அந்தப் போனும் தொலைந்து போயிற்று. ஒரு வருஷத்துக்குள் நெற்றிக் குங்குமம் வெளுத்து, முகமே பச்சை ஓடிவிட்டது. "எங்கம்மா ரெண்டாவது தடவ போன மாதிரி இருக்கும்மா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? மையில் இரண்டு விதம். ஒன்று சாயம், கரைந்து தாளுக்குள் ஊறுவது. மஞ்சளில் முக்கிய துணியை மொட்டைமாடி வெயிலில் போட்டால் வெளுக்கிறதல்லவா, அதே கதைதான். இன்னொன்று நிறமி, கோயில் மதிலில் பட்டை அடிக்கிற காவி மாதிரி. கரையாது, பொடியாகத் தங்கும், வெயிலைத் தாங்கும். வீட்டு போட்டோ பிரிண்டர்களில் பெரும்பாலும் சாய மைதான், கம்பெனி தருவதும் அதுதான். ஆனால் அவர்கள் தங்கள் மையும் தாளும் சேர்ந்து எத்தனை காலம் தாங்கும் என்று சோதித்துப் பார்க்கிறார்கள். மலிவு பாட்டிலில் அந்த விவரம் பெரும்பாலும் இருக்காது.

அதற்காகக் கம்பெனி மையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். 2000-ஆம் ஆண்டில் எப்சன் கம்பெனியின் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில், சொந்த மையில், சொந்தப் பளபளப்புத் தாளில் அடித்த படங்களே சில வீடுகளில் சீக்கிரமாக ஆரஞ்சு நிறத்துக்கு மாறின. வெயில் படாத படத்துக்கும் அதே கதி. காற்றில் உள்ள ஓசோன் வாயு நீலச் சாயத்தைத் தின்றுவிட்டது! கண்ணாடிச் சட்டம் போடுவது அழகுக்கு மட்டுமில்லை, பார்த்தீர்களா?

நமக்குக் குற்றாலச் சாரல் வேறு. ஆனி, ஆடியில் உப்பு ஜாடியே கசிகிறது. தாள் மட்டும் சும்மா இருக்குமா? ஈரம் இழுத்த தாளில் மை பரவும், காயவும் காயாது. மீதித் தாளைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். அச்சடித்த படத்தை ஒரு நாள் முழுக்க உலரவிட்டுச் சட்டம் போடுங்கள்.

இயந்திரத்தையும் பார்க்க வேண்டும். மை தூவுகிற தலை சில பிரிண்டர்களில் காட்ரிட்ஜோடு சேர்ந்திருக்கும், எச்.பி. 803 அப்படித்தான். அடைத்துக்கொண்டால் காட்ரிட்ஜை மாற்றினால் தீர்ந்தது. எப்சன் டேங்க் பிரிண்டர்களில் தலை இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. அது அடைத்தால் நிறையச் செலவு வைக்கும். மிச்சம் பிடித்த காசெல்லாம் அதில் போய்விடும்! அதனால் சாய மை இருக்கும் டேங்கில் நிறமி மையை ஊற்றவே கூடாது. திரிந்த பால் மாதிரி கட்டி தட்டலாம். எல்.805 மாதிரி ஆறு கலர் பிரிண்டரில் இளநீலம், இளரோஜா என்று தனி டேங்குகள் உண்டு. லேபிளைப் படித்து ஊற்றுங்கள். வாரம் ஒரு கலர் பக்கம் அடித்தால் தலை காயாது. உத்தரவாத காலம் முடியும் வரை வெளி மை வேண்டாம் என்பேன். பழுது வந்தால் கம்பெனியோடு வம்பு.

புது மை வாங்கினால் ஒரு பரீட்சை வையுங்கள். ஒரு முகப் படத்தை அச்சடித்து, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுத்தால் மையின் குணம் தெரிந்துவிடும். பள்ளிக்கூட சார்ட்டுக்கு எந்த மையானாலும் போதும். பெரியவர்கள் படம், குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் என்றால் ஸ்டுடியோவில் கொடுத்து, லேபில் போட்டோ தாளிலேயே போடச் சொல்லுங்கள். போனில் உள்ள மூலப் படத்தை இன்னும் ஓரிடத்திலும் சேமித்து வையுங்கள்.

பழைய நியூஸ் பேப்பரை விரித்து, கையுறை மாட்டி ஊற்றுங்கள். கறை நாலு நாளானாலும் போகாது. மீதி பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அந்த ரோஜா நிற மையைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு அசல் ரோஸ் மில்க் எசன்ஸ் மாதிரியே இருக்கும்.