வானூர்தி அறையின் வெப்பமும் மூச்சும்

பாண்டிருப்புக் கடற்கரையில் வெப்பநிலை 30 பாகை செல்சியசாயின், 8,000 மீற்றர் உயரத்தில் அஃது உறைநிலைக்கு ஏறத்தாழ 22 பாகை கீழாகும். ஆங்குப் பறக்கும் சிறு வானூர்தியின் அறைக்குள் விடும் வளியைக் குளிர்விக்க வேண்டுமென்றால் நகைப்புத் தோன்றும்; எனினும் உண்மை அதுவே. 2024ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியா இலங்கை விமானப்படைக்கு அளித்த 'கிங் எயர் 350' வானூர்தி தக்க சான்று. அதன் அறைக்குரிய வளி, பொறிகளில் அமுக்கப்பட்ட நிலையிற் பெறப்படுவது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு சுடுவதை மாணவர் அறிவர். அமுக்குண்ட வளி சூடேறும். ஆதலின் ஒரு பகுதியை வெப்பப் பரிமாற்றியிற் குளிர்வித்து, எஞ்சியதைச் சூடாகவே விட்டுக் கலக்கின்றனர். கலவையை ஒழுங்குபடுத்தும் வால்வுகள் மெல்லவே திரும்புவன. பொறுமையிழந்த விமானி ஆளியை மேலும் மேலும் அழுத்தின் அறை வேகும், அன்றேல் விறைக்கும். வெக்கை தாளாது அவ்வளியை முற்றாக அடைத்துவிடுதலோ பெரும்பிழை. வெப்பந் தரும் வளியே அறையின் அமுக்கத்தையும் தாங்குவது. அஃதின்றேல் மூச்சுக்கு ஒட்சிசன் போதாது, விமானியின் அறிவே முதலில் மயங்கும்.