அமுங்கிப் போன ஆசனங்களும் மூலையில் கிடக்கும் தையல் மெசின்களும்

ஆவணி மடுத் திருவிழா நெருங்கும் நாட்களில் மன்னாரில் ஒரு வானுக்கும் ஓய்வு கிடைப்பதில்லை. பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை, அரிப்பு என்று கரையோரம் முழுவதிலுமிருந்து சனம் ஏறுகிறது. ஏறியமர்ந்ததும் பின் ஆசனத்தை ஒருமுறை கையால் அமுக்கிப் பாருங்கள் சகோதரிகளே. அநேகமாகக் கை நேரே பலகையில் முட்டும். மேலே பளபளப்பான றெக்சின் இருக்கும். உள்ளே இருந்த ஸ்பொன்ஜ் எப்போதோ செத்துப் போயிருக்கும். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு "றோட்டுத்தான் சரியில்லை" என்று சொல்லிப் போவோம். றோட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவினர் சிலர் விடுமுறைக்குக் காரவான் வாடகைக்கு எடுப்பார்கள். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் சிறு வீடு அது. பகலில் இருக்கை, இரவில் அதுவே படுக்கை. அங்கும் இதே கதைதான். சில வருடங்களில் மெத்தை அமுங்கிவிடும். ஆனால் அங்கே பலர் கடைக்குக் கொடுக்காமல் ஸ்பொன்ஜை அளவெடுத்து வாங்கி, பழைய உறைக்குள் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள். கைக்கு அப்பாற்பட்ட வித்தை அதில் ஒன்றுமில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எங்கள் பிரதேசத்தில் தையல் மெசின் கொடுக்காத நிறுவனம் குறைவு. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்றால் ஒன்றில் கோழி, இல்லாவிட்டால் மெசின். ஒரே ஒழுங்கையில் ஐந்து பேர் சட்டை தைத்தால் ஐந்து பேருக்கும் வேலையில்லை. கடையில் ஆயத்த ஆடை மலிந்து கிடக்கும்போது யார் தைக்கக் கொடுப்பார்கள்? இதே ஊரில் ஓட்டோவும் வானும் குஷன் வேலைக்காகக் கடை வாசலில் நாட்கணக்கில் காத்து நிற்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் ஓடிய பழைய வண்டிகளே இன்னும் ஓடுகின்றன. புதிய வண்டியின் விலையைக் கேட்டவர்கள் பழையதைத் திருத்தவே விரும்புவார்கள்.

முதலில் ஸ்பொன்ஜ் ஏன் சாகிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். முன்னர் ஆசனங்களுக்குள் தென்னந்தும்பையும் இலவம் பஞ்சையும் அடைத்தார்கள். இன்று பெரும்பாலும் பொலியூரித்தேன் ஸ்பொன்ஜ்தான். 1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயர் என்பவரும் அவரது குழுவினரும் தொடக்கிவைத்த இரசாயனத்தின் பிள்ளை அது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான சிறு அறைகளும் அவற்றுக்கிடையே காற்றும்தான் உள்ளே. திரும்பத் திரும்பப் பாரம் ஏற அறைகளின் சுவர்கள் முறிகின்றன, பிறகு எழும்புவதில்லை. எங்கள் ஊரில் இன்னொரு எதிரியும் உண்டு. கரைவலை இழுத்துவிட்டு ஈரச் சாரத்தோடு ஓட்டோவில் ஏறுவார்கள்; மீன்பெட்டியும் கூடவே ஏறும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளே தங்கும். உப்பு காற்றிலிருந்து மீண்டும் ஈரத்தை இழுக்கும். அப்படிப்பட்ட ஆசனம் முழுதாகக் காய்வதே இல்லை. அடிப்பலகை உப்பி உரிகிறது, ஆணி துருப்பிடிக்கிறது, பூஞ்சண வாடை வருகிறது. ஆகவே திறந்தவுடன் ஸ்பொன்ஜை மட்டும் பார்க்காமல் பலகையையும் தட்டிப் பாருங்கள். அடியில் காற்றுப் போக நான்கைந்து துளை இல்லையென்றால் துளைக்கச் சொல்லுங்கள். றெக்சின் மூச்சுவிடாத துணி. காற்று வெளியேற வழியில்லாவிட்டால் ஆள் இருக்கும்போது தையல்தான் வெடிக்கும்.

கடையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அடர்த்தி வேறு, இறுக்கம் வேறு. கையால் அமுக்கினால் 'கெட்டி'யாக இருக்கும் ஸ்பொன்ஜ் நெடுநாள் உழைக்கும் என்பதில்லை. உழைப்பைத் தருவது அடர்த்தி. அதைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். 6 அடி நீளம், 3 அடி அகலம், 2 அங்குலத் தடிப்புள்ள துண்டு ஒன்றின் கொள்ளளவு 3 கன அடி. கன மீற்றருக்கு 30 கிலோ அடர்த்தியுள்ளதாயின் அது இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல் நிறுக்கும். ஒன்றேகால் கிலோதான் நிற்கிறது என்றால் அது 15 கிலோ அடர்த்தி. முதுகுச் சாய்வுக்கு வைக்கலாம், இருக்கைக்கு ஆகாது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் நிறுத்துப் பார்த்தே வாங்குங்கள்.

வேலைக்கு வருவோம். பழைய உறையைக் கிழிக்காதீர்கள். தையலைப் பிளேட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்து, துண்டுகளுக்கு இடது, வலது, முன், பின் என்று பேனையால் குறியிடுங்கள். அதுவே உங்கள் அச்சு. புதிய ஸ்பொன்ஜை உறையின் அளவைவிட ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலமாவது பெரிதாக வெட்டினால்தான் உறை சுருக்கமின்றி நிற்கும். வெட்டுவதற்குப் பாண் வெட்டும் நீண்ட கத்தி போதும். அழுத்தி அறுக்காமல் நீளமாக இழுத்து இழுத்து அறுக்க வேண்டும். இரண்டு துண்டை ஒட்டுவதானால் இருபுறமும் பசை பூசி, விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை பொறுத்து ஒட்டுங்கள். இதைக் குசினியில் செய்ய வேண்டாம். அந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். ஸ்பொன்ஜும் அப்படியே, எரிந்தால் வரும் புகை நஞ்சு. கழித்த துண்டுகளை முற்றத்தில் குப்பையோடு போட்டு எரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

வீட்டுச் சிங்கர் மெசினில் றெக்சின் தைக்கலாமா? மெல்லிய றெக்சின் தைக்கலாம். 16 அல்லது 18ஆம் இலக்க ஊசி போடுங்கள். தையலை நீட்டி வையுங்கள். நெருக்கித் தைத்தால் முத்திரைத் தாள் போல அந்தக் கோட்டிலேயே கிழியும். பருத்தி நூல் வேண்டாம், வியர்வையிலும் உப்பிலும் உக்கிவிடும். பொலியெஸ்டர் அல்லது நைலோன் நூலே நிற்கும். குண்டூசி குத்தினால் துளை மாறாது. உடுப்புக் காயப்போடும் கிளிப் பிடித்துக்கொள்ளும். றெக்சின் மெசின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் மேலே ஒரு மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். மூன்று நான்கு மடிப்புச் சேரும் மூலைகளில் மோட்டரை நம்பாமல் சில்லைக் கையால் சுழற்றுங்கள். தடித்த வான் றெக்சினுக்கு இந்த மெசின் தாங்காது. அந்த வேலையை ஏற்காமல் விடுவதே மரியாதை.

"பொம்பிளையள் கராச்சில வந்து நிக்கிறதோ?" என்று கேட்பார்கள். தீவுப் பக்கத்துச் சகோதரி ஒருவர் இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: "நான் ஏன் அங்க போவான் அக்கா? சீற்றைக் கழற்றி அவையள் கொண்டுவந்து தரட்டும், தைச்சு வைக்கிறன்." உண்மையில் பல ஓட்டோக்களின் ஆசனம் இலகுவில் கழன்று வரும். குஷன் கடைக்காரரோடு பேசி, உறை தைக்கும் வேலையை மட்டும் எடுக்கவும் முடியும். கூலி கேட்கும்போது நூல், பசை, மின்சாரம், பிரிப்பதற்குச் செலவான நேரம் எல்லாவற்றையும் கணக்கில் எழுதுங்கள். பிரிக்கும் நேரத்தை எங்கள் பெண்கள் வேலையாக எண்ணுவதே இல்லை; அரை நாள் அதில் போகும். முதல் ஸ்பொன்ஜை வாங்க நுண்கடன் எடுக்க வேண்டாம். வாகனக்காரரே பொருளை வாங்கித் தரட்டும், நீங்கள் கூலிக்குத் தையுங்கள். ஐந்தாறு ஆசனம் முடிந்த பிறகு யோசிக்கலாம்.

இன்னொரு இருக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷெல் வீச்சில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்பவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். இதை வாசிப்பவர்களிலும் இருக்கக்கூடும். வானில் ஸ்பொன்ஜ் அமுங்கினால் இடுப்பு நோகும். உணர்வற்ற உடலில் நோவு தெரியாது, புண்தான் வரும். அந்தப் புண் எலும்புவரை போய் உயிரையும் எடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட சக்கர நாற்காலிப் பயிற்சித் தொகுப்பில் சிறிய சோதனை ஒன்று இருக்கிறது. அவர் மெத்தையில் இருக்கும்போது, குண்டி எலும்புக்கு நேர்கீழே, உடலுக்கும் மெத்தைக்கும் இடையில் உங்கள் விரல் நுனிகளைச் செலுத்துங்கள். விரலை 5 மில்லிமீற்றராவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் பயமில்லை. அசைக்க முடியாது, ஆனால் இலகுவாக இழுத்தெடுக்கலாம் என்றால் எச்சரிக்கை. விரல் இறுகிப்போய் எடுக்கவே கடினம் என்றால் ஆபத்து. மெத்தையை மாற்ற வேண்டும்.

இங்கே வான் ஆசனத்தின் விதி தலைகீழாகும். இறுக்கி இழுத்த றெக்சின் உறை சக்கர நாற்காலி மெத்தைக்கு ஆகாது. இறுகிய உறை தொட்டில் துணிபோல விறைத்து நிற்கும். உடல் ஸ்பொன்ஜுக்குள் இறங்காது, நல்ல ஸ்பொன்ஜும் கல்லாகிவிடும். நீட்சியுள்ள துணியில், சற்றுத் தளர்வாகத் தைக்க வேண்டும். பழைய மெத்தையில் பள்ளமோ மேடோ வடிவமைத்திருந்தால் அதை வெறும் சதுரத் துண்டால் மாற்றிவிடாதீர்கள்; வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பகுதியில் காட்டிக் கேட்டுச் செய்யுங்கள். புது மெத்தையில் முதல்நாள் நெடுநேரம் இருக்க விடாமல், இறங்கியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணிநேரத்தில் மறையாவிட்டால் அந்த மெத்தை சரியில்லை. எங்கள் கறுத்த தோலில் சிவப்புத் தெரியாமலும் போகலாம். அப்படியானால் புறங்கையை வைத்துப் பாருங்கள். அந்த இடம் சூடாகவோ தடித்தோ இருந்தால் அதே கணக்குத்தான்.